கை வீசியதா, கை நழுவியதா?



பால் வாளி ஒன்று கையைவிட்டுச் சாய்ந்து போனால், பார்த்தவர் முதலில் கேட்கும் கேள்வி என்ன? "கை தவறியதா, இல்லை வேண்டுமென்று போட்டாயா?" என்பதுதான். தரையில் ஓடுகிற பால் இரண்டு வகையிலும் ஒன்றே. ஆனால் கிடைக்கும் விடையைப் பொறுத்து ஒருவருக்கு அனுதாபமும் இன்னொருவருக்கு ஏச்சும் கிடைக்கின்றன. கையின் அசைவைப் பார்த்து மனத்தின் எண்ணத்தைச் சொல்வது அவ்வளவு எளிதன்று.

அமெரிக்காவில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் நடுவர்கள் இதே கேள்விக்கு, கண்ணிமைக்கும் நேரத்தில், பல்லாயிரம் பேர் கூச்சலிட்டுக் கொண்டிருக்கும்போது விடை சொல்ல வேண்டியிருக்கிறது. வீரர் பந்தை வீசினாரா, அல்லது அது அவர் கையிலிருந்து நழுவியதா? இந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது, அதற்காக எழுதிய சட்டங்கள் யாரைச் சிரிக்க வைத்தன, யாரை அழ வைத்தன என்பதையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். நம் தோட்டத் திடலில் மாலை வேளையில் ஆடுகிறார்களே, அந்தக் காற்பந்து வேறு. அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்லும் ஆட்டம் வேறு. பெயரில்தான் கால் இருக்கிறது; ஆட்டம் பெரும்பாலும் கையால். ரக்பி ஆட்டத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு அதன் உருவம் ஓரளவு விளங்கும். இரு முனையும் கூரான முட்டை வடிவப் பந்து. அணிக்குப் பதினொருவர். 100 கெஜ நீளத் திடல். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அந்த நான்கிற்குள் பந்தைக் குறைந்தது 10 கெஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் மீண்டும் நான்கு வாய்ப்பு. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்துவிட்டால் 6 புள்ளி. முடியாதபோது, உயர்ந்து நிற்கும் இரு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 3 புள்ளி.

ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் ஒருவருடைய கைக்கு வரும். அவருக்குக் 'குவாட்டர்பேக்' என்று பெயர். நாம் அவரை வீசுபவர் என்றே சொல்வோம். அவர் பந்தை இன்னொருவரிடம் கொடுக்கலாம், தாமே ஓடலாம், அல்லது முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் தோழருக்கு வீசலாம். அவர் வீசுவதற்குள் அவரை மண்ணில் சாய்த்துவிட எதிரணியின் பெரிய பெரிய ஆட்கள் பாய்ந்து வருவார்கள்.

நம் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. வீசிய பந்தை யாரும் பிடிக்காமல் அது தரையில் விழுந்தால், அந்த வாய்ப்பு மட்டும் வீண். பந்து பழைய இடத்துக்குத் திரும்பும். அதே அணி அடுத்த வாய்ப்பை ஆடும். ஆனால் பந்து கையிலிருந்து நழுவி விழுந்திருந்தால் கதை வேறு. அந்தப் பந்து 'உயிரோடு' இருக்கிறது. யார் எடுத்தாலும் அவருக்கே சொந்தம். ஆகவே புல்லின்மேல் கிடக்கும் அந்த ஒரே பந்து, நடுவரின் ஒரு சொல்லால் ஒன்றுமில்லாத விஷயமாகவும் ஆகலாம், எல்லாவற்றையும் பறித்துக்கொள்ளும் விஷயமாகவும் ஆகலாம்.

தொடக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகள் மோதியதை இந்த ஆட்டத்தின் பிறப்பாகச் சொல்கிறார்கள். பிறகு பல ஆண்டுகள், ரக்பியில் இருப்பதுபோலவே, பந்தை முன்னோக்கி வீசுவது குற்றமாகவே இருந்தது. முன்னே போக ஒரே வழி, பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூட்டமாக முட்டி மோதுவதுதான். கையோடு கை கோத்து, ஆப்பு வடிவில் திரண்டு, ஒரே இடத்தில் இடிப்பார்கள். தலைக்குக் கவசம் அணிவதும் கட்டாயமில்லை. கல்லூரிப் பிள்ளைகள் கழுத்து முறிந்தும் மண்டை உடைந்தும் மாண்டார்கள். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 18 பேர் இறந்ததாக அக்காலச் செய்தித்தாள் கணக்குக் காட்டியது.

அப்போது அமெரிக்க அதிபராக இருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். அவருக்கு இந்த ஆட்டம் பிடிக்கும். அவருடைய மகனே ஹார்வர்டில் ஆடிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஆட்டத்தைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1905 அக்டோபர் 9ஆம் நாள் அவர் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய கல்லூரிகளின் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துங்கள் என்று வற்புறுத்தினார். அந்த ஆண்டு டிசம்பரில் பல கல்லூரிகள் நியூயார்க்கில் கூடின. 1906இல் புதுச் சட்டங்கள் வந்தன. அவற்றுள் முக்கியமானது, பந்தை முன்னோக்கி வீசலாம் என்பது. கூட்டமாக முட்டிக்கொள்ளாமல் ஆட்கள் திடல் முழுதும் பரவி ஆட வேண்டும் என்பதே நோக்கம். உயிரைக் காப்பதற்காகத்தான் இந்த வீச்சு ஆட்டத்துக்குள் வந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

ஆனால் பழைமையில் ஊறியவர்கள் அதை முழு மனத்தோடு வரவேற்கவில்லை. வீசிய பந்து யார் கையிலும் படாமல் விழுந்தால் பந்து எதிரணிக்கே போய்விடும் என்று ஒரு தண்டனையையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். 1906 செப்டம்பர் 5ஆம் நாள் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன், சட்டப்படியான முதல் முன்வீச்சை வீசினார். அது யார் கையிலும் அகப்படாமல் விழுந்தது. பந்து எதிரணியிடம் போனது. அதே ஆட்டத்தில் அவர் மறுபடியும் வீசினார். அதைத் தோழர் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீண் வீச்சும் பந்தைப் பறிகொடுப்பது, நழுவலும் பந்தைப் பறிகொடுப்பது என்று இருந்தவரை, இது எது என்று நடுவரைப் பிடித்து உலுக்க யாருக்கும் அவ்வளவு தேவையிருக்கவில்லை. தண்டனைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, வீண் வீச்சு என்பது ஒரு வாய்ப்பை மட்டும் இழப்பது என்று ஆன பிறகுதான் இரண்டுக்கும் நடுவே பெரும்பள்ளம் விழுந்தது. சலுகை ஒன்று பிறந்தால் அதோடு ஒரு வழக்கும் பிறக்கிறது.

1912இல் நான்கு வாய்ப்பு என்ற முறை வந்தது. வீச்சின் தூரத்துக்கு இருந்த 20 கெஜக் கட்டுப்பாடும் நீங்கியது. 1913 நவம்பர் 1ஆம் நாள், நாட்டர்டேம் கல்லூரியின் கஸ் டோரையும் நூட் ராக்னியும் வீசியும் பிடித்தும் இராணுவக் கல்லூரியின் அணியை 35–13 என்று தோற்கடித்தபோது, வீச்சு என்பது விளையாட்டுத்தனமான வேலையன்று என்று நாடே ஒப்புக்கொண்டது.

தொழில்முறை ஆட்டத்தில் வீச்சைப் பற்றிப் பேர்போன ஒரு தகராறு 1932இல் நடந்தது. டிசம்பர் 18ஆம் நாள் சிகாகோ பேர்ஸ் அணியும் போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ் அணியும் பட்டத்துக்காக மோத வேண்டியிருந்தது. வெளியே கடுங்குளிரும் பனியும். ஆட்டத்தைக் கூரைக்கு உள்ளே, சிகாகோ ஸ்டேடியம் என்ற மண்டபத்துக்கு மாற்றினார்கள். சில நாட்களுக்கு முன்புதான் அங்கே சர்க்கஸ் நடந்திருந்தது; அந்த மண்ணின்மேலேயே ஆட்டம். வாசனை எப்படி இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். இடம் போதாமையால் திடலையும் சுருக்கிவிட்டார்கள்.

அக்காலச் சட்டப்படி, வீசுபவர் ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து குறைந்தது 5 கெஜம் பின்னால் நின்றுதான் வீச வேண்டும். ஆட்டம் புள்ளியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் பேர்ஸ் அணியின் பிராங்கோ நகர்ஸ்கி, ஓடப் போகிறவர்போல் முன்னே வந்து, பின்வாங்கி, ரெட் கிரேஞ்சுக்கு வீசினார். கிரேஞ்ச் பிடித்தார், புள்ளி கிடைத்தது. "ஐந்து கெஜம் இல்லை!" என்று போர்ட்ஸ்மத் பயிற்சியாளர் கத்தினார். நடுவர் கேட்கவில்லை. பேர்ஸ் 9–0 என்று வென்றது. மறு ஆண்டு, 1933இல், அந்த ஐந்து கெஜக் கணக்கையே நீக்கிவிட்டு, கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்து வேண்டுமானாலும் வீசலாம் என்று ஆக்கினார்கள். கண்ணால் அளக்க முடியாததைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். தூரத்தை அப்படி எடுத்துவிடலாம். எண்ணத்தை எப்படி எடுப்பது?

சரி, வீச்சா நழுவலா என்பதை நடுவர் எப்படிப் பார்க்கிறார்? இந்த ஆட்டத்துக்கு ஒரே நடுவர் போதாது. 1978 முதல் தொழில்முறை ஆட்டங்களில் எழுவர் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தலைவர் வெள்ளைத் தொப்பி அணிந்தவர். மற்றவர்கள் ஓடுகிறவர்களையும் பிடிக்கிறவர்களையும் கவனிக்கும்போது, இவர் வீசுபவருக்குப் பின்னால், அவருடைய வீசும் கை இருக்கும் பக்கமாக நிற்பார். அவர் பார்க்க வேண்டியது பந்து எங்கே போகிறது என்பதையன்று, கையை. பந்து உறுதியாகக் கையில் இருக்கும்போதே கை முன்னோக்கி நகரத் தொடங்கிவிட்டதா? தொடங்கிவிட்டால் அது வீச்சு. அதன் பிறகு எதிரி தட்டிப் பந்து பின்பக்கமாகவே பறந்தாலும் அது வீச்சுதான். கை முன்னே வருவதற்கு முன்பே பந்து போய்விட்டால், வெறுங்கை மட்டும் முன்னே வருகிறது என்றால், அது நழுவல். கேட்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? ஆனால் பாய்ந்து வரும் ஆளின் கை, வீசுபவரின் கை, பந்து ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நொடிக்குள் சந்திக்கின்றன. நடுவே ஒரு முதுகு வந்து மறைத்தால் வெள்ளைத் தொப்பிக்காரர் பார்ப்பது முதுகைத்தான்.

இதோடு இன்னொரு நுட்பமும் உண்டு. பந்தைப் பின்னோக்கியோ பக்கவாட்டிலோ வீசி அது விழுந்தால் அது வீண் வீச்சு ஆகாது; அந்தப் பந்தும் உயிரோடுதான் இருக்கிறது. மாறாக, நழுவியதுபோல் பாசாங்கு செய்து ஒருவர் பந்தை வேண்டுமென்றே முன்னே தள்ளினால், அது நழுவலன்று, முன்வீச்சு. பாசாங்கைக் கண்டுபிடிப்பது நடுவரின் தலைவிதி.

1978 செப்டம்பர் 10ஆம் நாள் அந்தத் தலைவிதி ஜெர்ரி மார்க்பிரைட் என்ற நடுவருக்கு வாய்த்தது. ஓக்லண்ட் ரைடர்ஸ் அணி சான் டியாகோ ஊருக்குப் போய், அவ்வூர்ச் சார்ஜர்ஸ் அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. சார்ஜர்ஸ் 20, ரைடர்ஸ் 14. மிஞ்சியிருந்தது 10 நொடி. ரைடர்ஸ் வீசுபவர் கென் ஸ்டேப்ளர் பின்வாங்கினார். எதிராளி அவரைப் பிடித்துவிட்டார். கீழே சாயும் நேரத்தில் பந்து அவர் கையைவிட்டு முன்பக்கமாக உருண்டது. அதை அவருடைய தோழர் பீட் பனாசாக் முன்னே தட்டிவிட்டார். டேவ் காஸ்பர் என்ற இன்னொரு தோழர் அதைக் காலால் தள்ளிக்கொண்டே போய், எல்லைக்கோட்டுக்கு அப்பால் அதன்மேல் விழுந்தார். நழுவல்தான் என்றனர் நடுவர்கள். பந்து உயிரோடு இருந்தது, ஆகவே புள்ளி செல்லும். உதைத்துப் பெற்ற ஒரு புள்ளியோடு ரைடர்ஸ் 21–20 என்று வென்றது. சான் டியாகோ மக்கள் வாயடைத்து நின்றார்கள்.

ஸ்டேப்ளர் பின்னாளில் ஒளிக்கவில்லை. தாம் பந்தை வேண்டுமென்றுதான் முன்னே விட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். அப்படியானால் அது முன்வீச்சு. விழுந்தவுடன் செத்த பந்து. சார்ஜர்ஸ் வென்றிருக்க வேண்டும். ஆனால் நடுவர் அந்த நொடியில் ஸ்டேப்ளரின் மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியுமா? முடியாது என்பதை ஒப்புக்கொண்டதுபோல மறு ஆண்டு சட்டத்தை மாற்றினார்கள். நான்காம் வாய்ப்பிலும், ஆட்டத்தின் கடைசி 2 நிமிடத்திலும், நழுவவிட்டவர் தவிர அவருடைய அணியைச் சேர்ந்த வேறு யாரும் அந்தப் பந்தை முன்னே கொண்டுபோக முடியாது என்றார்கள். எண்ணத்தைக் கேட்காமல், பாசாங்கினால் இலாபம் வராதபடி செய்துவிட்டார்கள். புத்திசாலித்தனமான திருத்தம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையில் தொலைக்காட்சி வளர்ந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்திருப்பவர் ஒரே காட்சியை மெதுவாகவும், நிறுத்தியும், நான்கு பக்கத்திலிருந்தும் பார்க்கிறார். திடலில் நிற்கும் நடுவர் மட்டும் ஒரே ஒரு தடவை பார்க்கிறார். இந்த அநியாயத்தைச் சரிசெய்ய 1986இல் ஒளிப்பதிவைப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். நேரம் இழுத்தது; குழப்பமும் வந்தது; 1991 பருவத்தோடு கைவிட்டார்கள். 1999இல் அது திருந்திய வடிவில் மீண்டும் வந்தது. மறுக்க முடியாத சாட்சி படத்தில் இருந்தால்தான் முதல் தீர்ப்பை மாற்றலாம் என்பது நிபந்தனை.

அதே 1999இல் சட்டப் புத்தகத்தில் ஒரு சிறு குறிப்பும் ஏறியது. பின்னாளில் அதற்கு 'டக் ரூல்' என்று பெயர் நிலைத்தது; அணைப்பு விதி என்று நாம் சொல்லலாம். அதன் சாரம் இது: வீசுபவர் பந்தை முன்னே வீசுவதற்காகக் கையை நகர்த்தத் தொடங்கிவிட்டார். நடுவில் மனம் மாறி, வீசாமல் பந்தை மார்போடு அணைத்துக்கொள்ளக் கையை இழுக்கிறார். அந்த இழுப்பின்போது பந்து போய்விட்டால், அதுவும் முன்வீச்சாகவே கொள்ளப்படும். முழுதும் அணைத்து முடித்த பிறகு போனால்தான் நழுவல்.

ஏன் இப்படி எழுதினார்கள்? வீசும் எண்ணம் எந்த இடத்தில் முடிந்து, வைத்துக்கொள்ளும் எண்ணம் எந்த இடத்தில் தொடங்கியது என்று நடுவர் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம்; கை முன்னே வந்ததா, பந்து உடலோடு சேர்ந்ததா என்ற கண்ணுக்குத் தெரியும் இரண்டு அடையாளங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்பதே அதன் பயன் எனலாம். நடுவருக்கு உதவி செய்யத்தான் விதி வந்தது. அந்த உதவி ஒரு நடுவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பாருங்கள்.

2002 ஜனவரி 19, சனிக்கிழமை இரவு. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஃபாக்ஸ்பரோ திடல். இடிக்கப்படவிருந்த அந்தப் பழைய திடலில் அதுதான் கடைசி ஆட்டம். கொட்டும் பனியில் கோடுகள் மறைந்துபோயின. அவற்றைப் பெருக்கிப் பெருக்கிக் காட்டினார்கள். சொந்த ஊர் அணி நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். எதிர்த்து வந்தது, 1978இல் சிரித்த அதே ஓக்லண்ட் ரைடர்ஸ். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டிய கட்டம். பேட்ரியாட்ஸின் வீசுபவர் டாம் பிரேடிக்கு அப்போது வயது 24. பெரிய பெயர் ஒன்றும் இன்னும் வரவில்லை.

கடைசி 2 நிமிடத்துக்குள் ஆட்டம் வந்துவிட்டது. ரைடர்ஸ் 13, பேட்ரியாட்ஸ் 10. பிரேடி வீச நினைத்துக் கையைக் கொண்டுவந்தார், வீசவில்லை, பந்தைக் கீழே தம் பக்கம் இழுத்தார். அந்தக் கணத்தில் சார்ல்ஸ் உட்சன் பக்கத்திலிருந்து பாய்ந்து இடித்தார். பந்து பனியில் விழுந்தது. ரைடர்ஸின் கிரெக் பீக்கர்ட் அதன்மேல் விழுந்து அமுக்கிக்கொண்டார். நழுவல் என்று தீர்ப்பாயிற்று. ரைடர்ஸ் வீரர்கள் துள்ளிக் குதித்தார்கள். பிரேடி தலையைத் தொங்கப்போட்டபடி வெளியேறினார். பிரேடியும் உட்சனும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரே அணியில் ஒன்றாக ஆடியவர்கள் என்பது இங்கே ஒரு வேடிக்கை.

ஆனால் கடைசி 2 நிமிடத்தில் ஐயமான காட்சியைத் திரும்பப் பார்க்கும்படி மேலே அறையில் இருக்கும் அதிகாரியே அழைக்கலாம். அழைப்பு வந்தது. நடுவர் வால்ட் கோல்மன் திடலோரத்துக்குப் போய்ப் படத்தைப் பார்த்தார். ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் பால் வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். திரும்பி வந்து, கை முன்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது, ஆகவே இது வீண் வீச்சு என்று அறிவித்தார். பந்து மறுபடியும் பேட்ரியாட்ஸ் கையில்.

பிறகு நடந்தது சரித்திரம். 27 நொடி இருக்கையில் ஆடம் வினாட்டியேரி அந்தப் பனியில் 45 கெஜத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினார், 13–13. கூடுதல் நேரத்தில் ரைடர்ஸுக்குப் பந்து கிடைக்கவே இல்லை, வினாட்டியேரி மீண்டும் உதைத்தார், 16–13. அன்று பிழைத்த பேட்ரியாட்ஸ் பிப்ரவரி 3ஆம் நாள் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியை 20–17 என்று வென்று தன் முதல் பட்டத்தைப் பெற்றது. பிரேடி 2023இல் ஓய்வு பெறுவதற்குள் ஏழு பட்டங்கள் வென்றார்.

கோல்மன் தவறு செய்தாரா? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் செய்தது சரியே என்பது நம் கருத்து. கை முன்னே வந்தது. பந்து உடலோடு சேர்ந்து முடியவில்லை. அந்த நிலையில் போன பந்து வீச்சு என்று விதி சொல்கிறது. ரைடர்ஸ் பக்கத்தார் வேறு விதமாகச் சொல்கிறார்கள்: பிரேடியின் இடது கை பந்தைத் தொட்டுவிட்டது, அணைப்பு முடிந்துவிட்டது, ஆகவே விதிப்படியே அது நழுவல்தான் என்பது அவர்கள் வாதம். படத்தை எத்தனை முறை பார்த்தாலும் இந்த வாதம் தீர்வதில்லை. ஆனால் விதி தெரியாத ஒரு சிறுவனிடம் அந்தப் படத்தைக் காட்டி என்ன நடந்தது என்று கேட்டால், "பந்து கை தவறி விழுந்துவிட்டது" என்றுதான் சொல்வான். வீச விரும்பாத மனிதன் வீசினான் என்று சொல்ல வேண்டிய நிலைக்கு நடுவரைத் தள்ளியது விதிதான்.

அந்த விதி பேட்ரியாட்ஸுக்கு மட்டும் வாலாட்டியது என்று நினைத்துவிட வேண்டாம். அதே பருவத்தில், 2001 செப்டம்பர் 23ஆம் நாள், அதே திடலில் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் வீசுபவர் வின்னி டெஸ்டவர்டி கையிலிருந்து விழுந்த பந்தைப் பேட்ரியாட்ஸ் எடுத்துக்கொண்டது. இதே விதியைக் காட்டி அதை வீண் வீச்சு என்று மாற்றிவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் பேட்ரியாட்ஸ் தோற்றது. அணியின் முதல் வீசுபவர் பலத்த காயம்பட்டு வெளியேறியதும், அவருக்குப் பதிலாகப் பிரேடி உள்ளே வந்ததும் அன்றுதான். அன்று பறித்ததை ஜனவரியில் விதி வட்டியோடு திருப்பிக் கொடுத்தது என்று பேட்ரியாட்ஸ் ரசிகர்கள் சொல்லக்கூடும். ரைடர்ஸ் ரசிகர்களுக்கு அது ஆறுதலாகுமா?

மேலும் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. இது புத்தகத்தின் பிழையன்று, மனிதக் கண்ணின் பிழை. 2008 செப்டம்பர் 14ஆம் நாள் டென்வர் நகரில் டென்வர் பிராங்கோஸ் அணியும், 1978இல் ஏமாந்த அதே சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியும் ஆடின. சார்ஜர்ஸ் 38–31 என்று முன்னணியில் இருந்தது. கடைசி நிமிடங்களில், எல்லைக்கோட்டை நெருங்கிவிட்ட டென்வரின் வீசுபவர் ஜே கட்லர் கையிலிருந்து, யாரும் தொடாமலே, பந்து வழுக்கி விழுந்தது. சார்ஜர்ஸ் வீரர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டார். ஆனால் நடுவர் எட் ஹோக்குலி வீண் வீச்சு என்று நினைத்து விசிலை ஊதிவிட்டார். படத்தைப் பார்த்தபோது நழுவல் என்று தெளிவாகத் தெரிந்தது, அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் விசில் ஊதியவுடன் ஆட்டம் நின்றுவிடுகிறது. நின்ற பிறகு எடுத்த பந்து செல்லாது என்பது அப்போதைய சட்டம். பந்து டென்வரிடமே இருந்தது. அவர்கள் புள்ளி எடுத்து 39–38 என்று வென்றுவிட்டார்கள்.

ஹோக்குலி தொழிலால் வழக்கறிஞர். வாய்ச்சாமர்த்தியம் இல்லாதவர் அல்லர். ஆனாலும் அவர் வாதாடவில்லை. தமக்குக் கோபமாகக் கடிதம் எழுதிய ரசிகர்களுக்கு, தவறு தம்முடையதே என்று தாமே பதில் எழுதினார். 2009இல் சட்டம் திருத்தப்பட்டது: வீண் வீச்சு என்று விசில் ஊதியிருந்தாலும், அது நழுவல் என்று படம் காட்டினால், எடுத்த அணிக்கே பந்தைக் கொடுக்கலாம்.

அணைப்பு விதியை நீக்க இன்னும் காலம் பிடித்தது. 2013 மார்ச் 20ஆம் நாள் அரிசோனா மாநிலத்தில் அணி உரிமையாளர்கள் கூடி வாக்களித்தார்கள். விதியை நீக்க 29 அணிகள் ஆதரவு. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஒன்று மட்டும் எதிர்ப்பு. இரண்டு அணிகள் வாக்களிக்கவில்லை. அந்த இரண்டில் ஒன்று பேட்ரியாட்ஸ். அன்று முதல், வீசுவதை நிறுத்திப் பந்தைத் தம் பக்கம் இழுக்கும்போது அது போய்விட்டால், அது நழுவல். சிறுவன் சொல்லும் விடையும் புத்தகம் சொல்லும் விடையும் ஒன்றாகிவிட்டன. ஆனால் வீச்சு எப்போது நின்று இழுப்பு எப்போது தொடங்கியது என்று ஊகிக்கும் வேலை மட்டும் மறுபடியும் வெள்ளைத் தொப்பிக்காரரின் தலையில் வந்து விழுந்தது.

வால்ட் கோல்மன் அந்தப் பனி இரவுக்குப் பிறகும் பல ஆண்டுகள் நடுவராக இருந்தார். 2018 பருவத்தோடு ஓய்வு பெற்றார். 2002க்கும் 2018க்கும் இடைப்பட்ட அந்த 17 பருவங்களில் ஒரு தடவைகூட ரைடர்ஸ் ஆடும் ஆட்டத்துக்கு அவரை நடுவராக அனுப்பவில்லை.